வலையில் கிழிந்த இறக்கை

எங்கள் பசு கன்று போட்ட மழைக்காலத்தில் மாட்டு ஈ கன்றுக்குட்டியை மொய்த்துப் பிடுங்கியது. ஒரு ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து பார்த்தால், கொட்டாய் வாசலில் பழைய சேலை ஒன்று திரையாகத் தொங்கியது. சேலைக் கரையை வைத்துத்தான் கட்டியது பக்கத்து வீட்டுச் சசிகலா என்று தெரிந்துகொண்டேன்.

புருசன் செத்துப்போனபிறகு அவள் பென்னாகரத்தில் நடந்த ஈ ஆராய்ச்சியில் வேலைக்குச் சேர்ந்தாள். மாட்டைக் கடிக்கும் ஈயைப் பிடித்து அதற்கு வயது பார்க்கும் வேலை. வயதான ஈ பல மாடுகளைக் கடித்திருக்கும், நோயைப் பரப்புவது அதுதான் என்பாள்.

"ஈக்குக்கூடவா வயசு பாப்பாங்க?" என்று சிரித்தேன்.

"பாப்பாங்கக்கா. இறக்க ஓரம் பிஞ்சிருந்தா கெழடுன்னு சொல்லுவோம். ஆனா அத அப்படியே நம்ப முடியாது. போன பண்டிக லீவுல, புடிச்சத வலைக் கூண்டுலயே வுட்டுட்டுப் போயிட்டோம். வந்து பாத்தா அத்தினி இறக்கையும் கந்தல். வயித்தக் கீறி லென்சுல பாத்தா முட்ட வெச்ச தழும்பே இல்ல. எல்லாம் சின்னஞ்சிறுசுங்க. வலையில மோதி மோதி அப்படி ஆயிருச்சுங்க."

அந்த வேலை ஒன்றுதான் அவளை வீட்டைவிட்டு வெளியே கூட்டிப் போனது. மாமியார் குள்ளம்மாள் கைகால் விழுந்து படுக்கையில் கிடந்தாள். கொழுந்தன் நவநீதன் அடுத்த தெருவில் இருந்தும் எட்டிப் பார்ப்பதோடு சரி.

ஆராய்ச்சிக்காரர்கள் சித்தேரிக்கு மாறும்போது, தங்க இடம் தருகிறோம் என்று அவளையும் கூப்பிட்டார்கள்.

"நீ போ கண்ணு. கெழவிக்கு நான் கஞ்சி ஊத்தறேன்" என்றேன். அவள் முகம் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

நவநீதன் வந்து அவள் வீட்டு வாசலை மறித்து நின்றான். "மருமவ இருக்கயில அடுத்த வூட்டுக் கஞ்சியா? ஊரு என் மூஞ்சில துப்பும். தலையும் நரச்சுப்போச்சு, அண்ணிக்கு இனிமே என்னா வேல?"

"அப்ப உங்கம்மாவ நீங்க கூட்டிட்டுப் போங்க தம்பி" என்றேன்.

"எங்க வூட்ல எடம் ஏதுங்க?"

சசிகலாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயதுதான்.

அவளைக் கூட்டிப்போக ஆராய்ச்சிக்காரர்களின் ஜீப் வந்த காலையில் பையோடு ரோடு வரைக்கும் நடந்தாள். உள்ளேயிருந்து கிழவி, "சசி... சசி..." என்று குழறினாள். பையைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போனவள் திரும்பி வரவில்லை. ஜீப் கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டுக் கிளம்பியது. அன்று சாயங்காலம் மாதா முன்னால் அழுதேன். எனக்கு வேறென்ன தெரியும்?

பிறகு என் மகன் என்னை ஓசூருக்குக் கூட்டிப்போக வந்தான். கிழவியின் துணியை அலசிக்கொண்டிருந்தவள் ஈரக்கையோடு வண்டியருகே வந்தாள். அவளைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

"போயிட்டு வாங்கக்கா. அங்க கண்ணாடி ஜன்னலா இருக்கும். ஈ மாட்டிக்கிச்சுன்னா சட்டுனு தொறந்து வுட்ருங்க, இறக்க பிய்யறதுக்குள்ள."