நோலீனின் தலையும் மலைக்கு அந்தப் பக்கமும்

இடது புருவத்துக்கு மேலே கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் நோலீன் பேச்சட் பேருந்துச் சாவியைத் தொடுவாள். பிறகு சமையலறைச் சன்னலைத் திறந்து மேற்கே மலையைப் பார்ப்பாள். மலைக்கு மேல் மேகம் வில்லாக வளைந்து நின்று, அதன் கீழே ஒரு கீற்று நீலவானம் தெரிந்தால், "வந்துட்டான்யா சண்டாளன்!" என்பாள். சண்டாளன் என்பது வடமேற்குக் காற்று. அவள் ஊரான ஜெரால்டைனில் அது அடிக்கிற நாளில் நாய்கள் காரணமில்லாமல் குரைக்கும், புருஷன் பெண்டாட்டி காரணத்தோடு சண்டை போடுவார்கள், நோலீனுக்கு மண்டை பிளக்கும்.

வயது ஐம்பத்தேழு. பத்தொன்பது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். ஆனியோ ஆடியோ, அந்த ஊர்க் குளிர்காலத்தில் உறைபனி கொட்டினாலும் அரைக்கால் சட்டைதான். "குளிரு மூளை இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்" என்று அவள் புருஷன் டெஸ் சொல்வார். பேருந்தில் ஆப்பிள் தின்னலாம், ஆரஞ்சு உரிக்கக்கூடாது, அந்த வாசனை அவள் தலையைக் கிளப்பிவிடும். உரித்து மாட்டிக்கொண்டவனைக் கண்ணாடியிலேயே பிடித்து, "துரை அவர்களே, அந்தப் பழத்த அப்படியே பையில போடுங்க, இல்லேன்னா நடந்து வீட்டுக்குப் போங்க" என்பாள். இதுவரை யாரையும் நடக்க விட்டதில்லை.

தலைவலிக்கு அவள் கணக்கு வைத்திருக்கிற விதமே தனி. தீவனக் கடைக்காரர் வருடாவருடம் கொடுக்கிற ஆட்டுப்படக் காலண்டரில், லேசான வலி என்றால் ஓர் ஆணி வரைவாள். நடுத்தரம் என்றால் சுத்தியல். தாங்க முடியாதது என்றால் கோடரி. பக்கத்திலேயே நேரமும் எழுதுவாள்: "காலை 7.25, பால்பண்ணை வளைவு." சமையலறை அலமாரியில், மாவு டப்பாவுக்குப் பின்னால், இப்படி மூன்று வருடக் காலண்டர்கள் கிடந்தன. டெஸ் அதைக் கொலைகாரன் டைரி என்பார்.

போன செப்டம்பரில் அந்த டைரிக்கு வேலை வந்தது. ஆட்களை ஏற்றிச் செல்கிற வண்டி ஓட்டுபவர்கள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை வாங்க வேண்டிய மருத்துவச் சான்றுக்காக நோலீன் டாக்டர் டோகர்ட்டியிடம் போனாள். போனவள் சும்மா கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்தாளா? வாய் சும்மா இருக்கவில்லை. கோடரி வலி வருவதற்கு முன்னால் இடது கண்ணில் வெளிச்சம் கோணல்மாணலாக ஓடும் என்பதையும், இரண்டு தடவை வண்டியை ஓரங்கட்டிவிட்டு முதலாளி வார்விக் வரும்வரை காத்திருந்ததையும் சொல்லிவிட்டாள். டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"எப்ப வரும்னு முன்னாடியே தெரிஞ்சா அன்னிக்கு ஓட்டாம இருந்துக்கலாம், நோலீன். தெரியலேன்னா நான் இதுல கையெழுத்துப் போட முடியாது."

"ஏன் தெரியாம? காத்தடிச்சா வரும்."

"காத்தடிக்கறப்ப நீங்க ரோட்டுல இருப்பீங்க. காத்தழுத்தம் எப்ப எறங்குதுன்னு பாருங்க. உங்க காலண்டரையும் பழைய அழுத்தக் கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஏதாவது பிடிபடுதான்னு பாத்துட்டு வாங்க. ஒரு மாசம் தர்றேன்."

வீட்டுக்கு வந்து நோலீன் அழுதாள். பேருந்து இல்லாவிட்டால் காலை ஏழு மணிக்கு அவள் யார்? அதைத்தான் டெஸ்ஸிடம் கேட்டாள். டெஸ் தேநீர் போட்டுக் கொடுத்தார்.

ஆனால் அழுகை ஒரு வேளைக்குத்தான். மறுநாளே பழைய காற்றழுத்தத்தைத் தேடிக் கிளம்பிவிட்டாள். நடைக்கூடத்தில் மாட்டியிருந்த பாரமானி பதினோரு வருடமாக "நல்ல வானிலை" என்றே காட்டிக்கொண்டிருந்தது, வீட்டுக் கூரையைக் காற்று பெயர்த்த அன்றைக்கும் அதையேதான் காட்டியது. கைப்பேசி இன்றைய அழுத்தத்தைச் சொல்லும், இரண்டு வருடத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமையைக் கேட்டால் திருதிருவென்று முழிக்கும். கடைசியில், காலை நடைக்கும் மாலை நடைக்கும் நடுவே பேருந்தை நூலகத்துக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, அங்கிருந்த கணினியில் குடைந்து குடைந்து வானிலைத் துறையின் பழைய பதிவேடுகளைப் பிடித்தாள். பக்கத்து ஊரான திமாருவின் விமானத் தளத்தில் மணிக்கு ஒரு தடவை எடுத்த அழுத்தம், மூன்று வருடத்துக்கு, இருபத்தாறாயிரம் வரி. காசு கேட்கவில்லை, ஆனால் உயிரை வாங்கியது. முதல் தடவை திறந்தபோது எல்லா எண்ணும் ஒரே பத்தியில் வந்து குவிந்தது. "யாரோ தும்மிட்டாங்க" என்றாள் நூலகம் முழுக்கக் கேட்கும்படி.

விடவில்லை. மூன்று வாரம் உட்கார்ந்து, நீளமான கட்டக்காகிதத்தில் அழுத்தத்தை நீல மையால் கோடாக இழுத்து, அதன் மேல் சிவப்பில் ஆணி, சுத்தியல், கோடரி எல்லாவற்றையும் அதனதன் நேரத்தில் வரைந்தாள். மொத்தம் முப்பத்தொரு தலைவலி. வரைந்து முடித்தவள் துள்ளிக் குதிக்காத குறை. தலைவலி வந்த காலை ஏறக்குறைய ஒவ்வொன்றுக்கும், முந்தின நாள் சாயங்காலமே நீலக்கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது! அரை நாள் முன்னறிவிப்பு! டாக்டரிடம் ஓடினாள். டாக்டரும் கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, "பிரமாதம் நோலீன், சாயங்காலம் அழுத்தம் விழுந்தா மறுநாள் ஓட்டாதீங்க, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை வந்து சான்று வாங்கிக்கங்க" என்றார்.

அதோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் பெருமை யாரை விட்டது? புதன்கிழமை பேக்கரியில் அந்தக் காகிதத்தை மேசை முழுக்க விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அங்கே சீஸ் ரோல் வாங்க வந்தார் பெவன் ஹார்ஸ்நெல். எழுபத்தொரு வயதில் எஞ்சின் இல்லாத விமானம் ஓட்டுகிறவர். வடமேற்குக் காற்று மலையில் மோதி எழும்பும்போது அதில் ஏறி மிதப்பதுதான் அவருக்குச் சொர்க்கம். நோலீன் இருட்டறையில் வாந்தி எடுக்கிற நாளெல்லாம் பெவன் இருபதாயிரம் அடியில் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பார். அதனாலேயே இரண்டு பேருக்கும் ஆகாது, ஆனால் பார்த்தால் பேசாமல் இருக்கவும் முடியாது.

"அடேங்கப்பா, மூணு வருஷ வடமேற்குக் காத்த ஒரே தாள்ல பிடிச்சு வெச்சிருக்கியே!" என்று வாயைப் பிளந்தார் பெவன். பிறகு ரோலால் ஓரிடத்தைச் சுட்டினார். வெண்ணெய் சொட்டியது. "இது தப்பு."

"எது தப்பு? கைய எடுய்யா, எண்ணெ படுது."

"போன அக்டோபர்ல இந்தத் திங்கக்கெழம சாயங்காலம் அழுத்தம் விழுந்துச்சுங்கறே. அன்னிக்கு சாயங்காலம் நான் விமானக் களத்துல உக்காந்து காத்தக் காணோமேன்னு திட்டிக்கிட்டிருந்தேன். ஒரு இல அசையல. மறுநாள் காலையிலதான் மேல போனேன். எப்பப் பறந்தோம்னு நாங்களும் எழுதி வெப்போம்மா."

பெவன் அவள் பதிவேட்டிலிருந்து எடுத்து வந்த கணக்குத்தாளை வாங்கிப் புரட்டினார். நேரம் என்ற பத்தியின் தலையில் சின்னதாக மூன்று எழுத்து இருந்தது. நோலீன் அதை அழுத்தம் அளக்கிற கருவியின் பெயர் என்று நினைத்து விட்டிருந்தாள்.

"அம்மா தாயே, இது நம்ம நேரமே இல்ல. உலகத்துக்குப் பொதுவா வெச்ச நேரம், லண்டன் பக்கத்து நேரம். விமானம் ஓட்டறவன் எல்லாம் இதுலதான் எழுதுவான். நமக்குத்தான் எல்லாருக்கும் முன்னாடி விடியுதே! பன்னெண்டு மணி நேரம் கூட்டணும், கோடையில பதிமூணு."

கூட்டிப் பார்த்தார்கள். திங்கள் சாயங்காலம் ஆறு மணி, செவ்வாய் காலை ஏழு மணியானது. பள்ளம் ஒவ்வொன்றும் நகர்ந்து நகர்ந்து, அவளுடைய சுத்தியல் மேலும் கோடரி மேலும் போய் உட்கார்ந்துகொண்டது. அரை நாளும் இல்லை, முன்னறிவிப்பும் இல்லை. அழுத்தம் விழுகிற அதே நேரத்தில்தான் தலையும் வெடிக்கிறது, அவள் வண்டியோடு பால்பண்ணை வளைவில் இருக்கும்போது.

"கிழிஞ்சது போ" என்றாள் நோலீன். காகிதத்தைச் சுருட்டக் கை வரவில்லை.

அன்று மத்தியானம் டெஸ் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "டாக்டரம்மா ஒத்துக்கிட்டாங்க. நீ ஏன் வாயத் தொறக்கணும்? பெவன் யார்கிட்ட சொல்லப்போறான், அவனுக்கு வானம்தான் கேக்கும்."

"பின்னாடி இருபத்திரண்டு பேரு உக்காந்திருக்காங்க, டெஸ்."

"அது சரி."

"சரின்னா போன எடு."

டாக்டரிடம் அவளே சொன்னாள், தன் தப்பு என்று முதல் வார்த்தையிலேயே சொன்னாள். வெள்ளிக்கிழமைச் சான்று இல்லையென்றும், சான்று கிடைக்கும்வரை வார்விக்தான் ஓட்ட வேண்டும் என்றும் டாக்டர் சொன்னார். நோலீன் போனை வைத்துவிட்டு, தோட்டத்தில் போய் ஒரு பாத்தி உருளைக்கிழங்கைத் தோண்டித் தள்ளினாள். அது இன்னும் விளையாத பாத்தி.

மறுநாள் காலை வாசலில் பெவன் நின்றார். தூங்கவே இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"நீ ஒரு ஊரு அழுத்தத்த மட்டும் பாத்தா எப்படி? நாங்க அப்படியா பாப்போம்? மலைக்கு அந்தப் பக்கம் ஹோகிடிகா, இந்தப் பக்கம் திமாரு. ரெண்டுக்கும் நடுவுல எத்தன புள்ளி வித்தியாசம்னு பாக்கணும். அந்தப் பக்கம் ஏறி இந்தப் பக்கம் எறங்க ஆரம்பிச்சா, மறுநாள் காத்து வரப்போவுதுன்னு நான் சாயங்காலமே விமானத்தத் தொடச்சு வெச்சிருவேன்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னய்யா?"

"நீ என்னிக்கு என்கிட்ட காத்தப் பத்தி நல்லதா ஒரு வார்த்த கேட்டே?"

மறுபடியும் நூலகம், மறுபடியும் இருபத்தாறாயிரம் வரி, இந்தத் தடவை ஹோகிடிகாவுடையது. பன்னிரண்டா பதிமூன்றா என்று ஒவ்வொரு மாதத்துக்கும் பெவன் பக்கத்தில் உட்கார்ந்து கத்த, நோலீன் பதிலுக்குக் கத்த, நூலகத்தார் இருவரையும் கதவோரத்துக்கு மாற்றினார்கள். முப்பத்தொன்றில் இருபத்து நான்கு வலிக்கு, முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்கே மலைக்கு இரண்டு பக்கமும் அழுத்தம் எட்டுப் புள்ளிக்கு மேல் பிளந்திருந்தது. கோடரி ஒன்பதும் அந்த இருபத்து நான்குக்குள்ளேயே இருந்தது. வெளியே நின்ற ஏழும் வெறும் ஆணி.

"அந்த ஏழும் என்னவாம்?" என்று கேட்டார் டாக்டர், இந்தத் தடவை ஒவ்வொரு நேரத்தையும் தானே கூட்டிப் பார்த்த பிறகு.

"அஞ்சு, டெஸ்ஸோட அக்கா வந்திருந்தப்ப. ரெண்டு என்னான்னு தெரியல, டாக்டர்."

டாக்டர் சிரித்துக்கொண்டே தயவுதாட்சணியம் இல்லாமல் நிபந்தனை எழுதினார். தினமும் மாலை ஆறு மணிக்குப் பார்க்க வேண்டும். எட்டைத் தாண்டினால், தலை எவ்வளவு தெளிவாக இருந்தாலும், சாவியைக் கொடுத்துவிட வேண்டும். ஒரே ஒரு தடவை மீறினாலும் சான்று ரத்து. வார்விக் அதைப் படித்துவிட்டு, "மலைக்கு அந்தப் பக்கம் பாத்து லீவு குடுக்கற மொத முதலாளி நான்தான்" என்று புலம்பினார். ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் வானம் சாதுவாக இருந்தது. மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், இலை அசையாத பொன்வெயிலில், நோலீன் கைப்பேசியைப் பார்த்தாள். வித்தியாசம் ஒன்பது. தலையைத் தட்டிப் பார்த்தாள், கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள், புருவத்தை அழுத்திப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை. மறுநாள் பிள்ளைகளுக்கு நீச்சல் போட்டி, வழியெல்லாம் கத்திக்கொண்டு வருவார்கள். அவளுக்கு ரொம்பப் பிடித்த நாள்.

"எட்டுக்கும் ஒம்பதுக்கும் பெரிய வித்தியாசமா என்ன?" என்று வாய்விட்டே கேட்டாள். டெஸ் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

நடந்தே போனாள் வார்விக் வீட்டுக்கு.

"நல்லாத்தானே இருக்கே?" என்றார் வார்விக்.

"ரொம்ப நல்லா இருக்கேன். சாவியப் பிடி, மனசு மாறறதுக்குள்ள. ரெண்டாவது கியர்ல போடறப்ப கொஞ்சம் பாத்து."

காலை ஏழு மணிக்குக் கூரைத் தகரம் அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. ஏழு பத்துக்குக் கோடரி இறங்கியது. திரைச்சீலையை மூடிய அறையில், கண்மேல் ஈரத்துண்டோடு, பக்கத்தில் வாளியோடு நோலீன் படுத்துக் கிடந்தாள். டெஸ் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் நின்றார். ஏழு இருபத்திரண்டுக்குத் தெருமுனையில் பேருந்துச் சத்தம் கேட்டது. இரண்டாவது கியரில் ஒரு முக்கல், பிறகு உள்ளேயிருந்து பிள்ளைகளின் கூச்சல், காற்றையும் மீறிக்கொண்டு.

அந்த ஊர்ச் சாலைகளில் எதிரே வண்டி வந்தால், ஓட்டுகிறவர்கள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஆள்காட்டி விரலை மட்டும் தூக்குவார்கள். அதுதான் வணக்கம், அதற்குமேல் யாரும் அலட்டிக்கொள்வதில்லை. பேருந்து வாசலைக் கடந்தபோது நோலீன் துண்டை எடுக்கவில்லை, கண்ணைத் திறக்கவில்லை. போர்வையின் மேல் கிடந்த வலது கையில் ஆள்காட்டி விரல் மட்டும் மெல்ல எழுந்து நின்றது.