இடது பக்க ஸ்பீக்கர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது யாரோ சொல்லிக் கேட்ட கதை இல்லை. என் வீட்டில், என் இரண்டு காதால் நானே கேட்டது. நம்பாதவர்கள் வைத்திக்குப்பத்துக்கு வந்து "ஏசி மெக்கானிக் செல்வகுமார் வீடு எது?" என்று கேளுங்கள், காட்டுவார்கள். அந்த ஸ்பீக்கர் இரண்டும் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. விற்கவும் துணிச்சல் இல்லை, உடைக்கவும் கை வரவில்லை.

பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, மல்லிகைப்பூ வாசனை என்று எதிர்பார்க்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பட்டப்பகல். ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது. பக்கத்து வீட்டில் மீன் வறுத்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு வயது நாற்பத்தேழு. குடி கிடையாது, சீட்டு கிடையாது. இருக்கிற ஒரே கிறுக்கு பழைய ஸ்பீக்கர். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பழைய சாமான் விரிக்கிறவர்கள் என் தலையைப் பார்த்ததுமே விலையை ஏற்றிவிடுவார்கள். அப்படித்தான் அந்த ஜோடியும் வந்தது. பிரான்சுக்குப் போய்விட்ட ஒரு குடும்பத்து வீட்டுச் சாமான். அறுபதுகளில் செய்தது. தேக்கு மாதிரி மரப்பெட்டி, இடுப்பு உயரம். உள்ளே அதிர்ந்து சத்தம் எழுப்புகிற பேப்பர் கோன் அப்படியே இருந்தது. அதைச் சுற்றி ஒட்டியிருந்த ஃபோம் வளையம் மட்டும் அப்பளம் மாதிரி நொறுங்கிப் போயிருந்தது. புது வளையம் வரவழைத்து நானே ஒட்டினேன். அன்றைக்குத்தான் முதல் தடவை பாட வைக்கப் போகிறேன்.

வீட்டில் அப்பா இருந்தார். மண்ணாங்கட்டி என்று பெயர். நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர். கரையில் நின்று அவர் ஒரு குரல் கொடுத்தால் போட்டில் இருக்கிறவன் திரும்பிப் பார்ப்பான். மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் அடித்தது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. 'ஆ' என்றுகூட வராது. பின் அறையில் இரும்புக் கட்டிலில் கிடந்தார்.

அவரைப் பார்த்துக்கொண்டது முழுக்க என் மனைவி ஹேமலதா. அன்றைக்குத் தவளக்குப்பத்தில் அவள் அண்ணன் மகளுக்கு வளைகாப்பு. பதினொரு மணிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்.

"ஒரு மணிக்குக் கஞ்சி குடுங்க. தலகாணி வெச்சு சாச்சுதான் குடுக்கணும். அர மணி கழிச்சு ஒருக்களிச்சுப் படுக்க வெச்சிடுங்க. அப்படியே வுட்டா வழுக்கிக் கீழ எறங்கிடுவாரு, சளி அடைச்சுக்கும். கேக்குதா?"

"கேக்குதுடி. நான் இன்னா கொழந்தையா?"

"ஸ்பீக்கர் முன்னாடி ஒக்காந்துட்டா நீங்க கொழந்ததான்."

ஒரு மணிக்குக் கஞ்சி கொடுத்தேன். ஒழுங்காகத் தலையணை வைத்து, சாய்த்து, வாயைத் துடைத்துவிட்டேன். அதுவரைக்கும் நான் ஒரு தப்பும் செய்யவில்லை.

1.20க்கு இளஞ்செழியன் வந்தான். காலாப்பட்டில் ஒரு பிசிக்ஸ் லேபில் வேலை. என்னைவிடப் பெரிய கிறுக்கு. ஊரில் எங்களை மாதிரி பதினேழு பேர் இருக்கிறோம், வாட்ஸப்பில் ஒரு குரூப். ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு ஹம்மிங் வந்தால் போதும், சோறு தண்ணி இல்லாமல் அதைத் துரத்துவோம். வயரை மாற்றுவோம், எர்த்தைப் பிடுங்குவோம், ஃபிரிட்ஜை அணைப்போம். அது ஒழிந்தால்தான் தூக்கம் வரும்.

ஆம்ப்ளிஃபையரை இணைக்கவே 2.10 ஆகிவிட்டது. அப்பாவைத் திருப்ப வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. எனக்கு அது ஞாபகம் இருந்தது. மறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ரெக்கார்டில் ஒரு பக்கம் மட்டும் கேட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன்.

நாதஸ்வரம் போட்டோம். ஐயோ, என்ன சத்தம் தெரியுமா! ஆள் எதிரே உட்கார்ந்து வாசிக்கிறார். இளஞ்செழியன் கண் கலங்கிவிட்டான்.

2.40. ரெக்கார்டின் முதல் பக்கம் முடிகிற நேரம். இடது ஸ்பீக்கரில் ஒரு சத்தம்.

கர்ர்... கர்ர்...

"ஊசில தூசி" என்றான். துடைத்தோம். மறுபடியும் வந்தது. ரெக்கார்டை எடுத்துவிட்டோம். அப்போதும் வந்தது.

கர்ர்... கர்ர்... அதற்குப் பின்னால் ஒரு ஆள் குரல். ரொம்ப மெலிசு.

"தூக்குடா..."

இரண்டு பேரும் ஸ்பீக்கர் பக்கத்தில் போய்க் குனிந்தோம்.

"தூக்கு... தூக்குடா..."

மூன்று வருஷமாகக் கேட்காத குரல். ஆனாலும் பெற்றவர் குரல் தெரியாமல் போகுமா?

"மச்சான், இது எங்கப்பா குரல் மாரி இருக்குடா."

"ஒங்கப்பாவாலதான் பேச முடியாதே?"

எழுந்து உள்ளே ஓடினேன். 2.53. அப்பா கட்டிலில் இருந்தார். வாய் மூடியிருந்தது. கண் திறந்திருந்தது. தலையணையிலிருந்து வழுக்கிக் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தார். தாடை நெஞ்சில் இடித்தது. என்னையே பார்த்தார். நெஞ்சு ஏறி இறங்கியது. அப்பாடா, பேசவில்லை, நல்லாத்தான் இருக்கிறார் என்று நினைத்தேன். தோளில் கை வைக்கப் போனேன்.

ஹாலிலிருந்து கத்தினான் இளஞ்செழியன். "டேய்! நின்னுபோச்சு! வா, வா!"

ஓடினேன். நான் ஹாலுக்குள் கால் வைத்ததும் மறுபடியும் ஆரம்பித்தது.

"தூக்குடா... செல்வா..."

இளஞ்செழியன் துள்ளிக் குதித்தான். "பாத்தியா? நீ உள்ள போனா நிக்குது. நீ வந்தா வருது. லூஸ் கான்டாக்ட்டுடா! ஒங்க வீட்டுத் தரைல எங்கியோ வயர் ஆடுது. போ, மறுபடி போய் நில்லு!"

போனேன். அப்பா அறை வாசற்படியில் நின்றேன். ஹாலைப் பார்த்துக் கத்தினேன்.

"இப்ப?"

"இல்ல!"

திரும்பி வந்தேன்.

"வருது! இன்னொரு வாட்டி போ!"

ஏழு தடவை போனேன். ஏழு தடவையும் அந்த வாசற்படியில் நின்றேன். ஏழு தடவையும் அப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றேன். கட்டில் எனக்குப் பின்னால் நாலு அடி. இதை எழுதும்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

3.20. ஆம்ப்ளிஃபையரை அணைத்தோம்.

குரல் நிற்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கினோம். மெயின் சுவிட்சையும் இறக்கினேன். ஃபேன் நின்றது. வீடே கப்சிப். தெருவில் ஒரு பைக் போனது. அப்புறம்...

"மூச்சு... முட்டுது..."

கரண்ட் இல்லை. ரெக்கார்டு இல்லை. ஸ்பீக்கர் மட்டும் பேசியது.

நான் இரண்டு அடி பின்னால் நகர்ந்தேன். "போதும் மச்சான். எடுத்து வெளிய போட்டுடலாம்."

"சீ, படிச்சவன்தான நீ? அந்தக் காலத்துல கரண்ட் இல்லாம ரேடியோ பாடல? கடலோரம்டா இது. போட்டுக்காரங்க வயர்லெஸ்ஸ நம்ம ஸ்பீக்கர் வயர் இழுக்குது. வலையத் தூக்கச் சொல்றான் எவனோ. ஊர்ல ஆயிரம் செல்வா."

மூச்சு முட்டுது என்று எந்தப் போட்டுக்காரன் வயர்லெஸ்ஸில் சொல்வான்? கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. எனக்கு அந்தக் காரணம் வேண்டியிருந்தது. அதோடு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தச் சத்தத்தை ஒழித்துக்கட்ட வேண்டும் என்ற வெறியும் இருந்தது.

3.50. இடது ஸ்பீக்கரின் முன்பக்கத் துணியைக் கழற்றினேன்.

கோன் அசைந்துகொண்டிருந்தது.

விரலை வைத்தேன்.

உள்ளே போனது... நின்றது... வெளியே வந்தது.

உள்ளே போனது... ரொம்ப நேரம் நின்றது... வெளியே வந்தது.

வெதுவெதுப்பாக இருந்தது.

கையை வெடுக்கென்று எடுத்தேன். "இளஞ்செழியா... இது மூச்சு வுடுதுடா."

"காத்துல ஆடுது" என்றான். அவன் குரலும் சரியாக இல்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. புது வளையம் ஒட்டிய ஸ்பீக்கரை நாள் கணக்காக ஓட்டிப் பழக்குவோம். வீட்டில் இருக்கிறவர்கள் திட்டாமல் இருக்க, இரண்டையும் முகத்தோடு முகம் ஒட்டி நிறுத்துவோம். ஒன்றுக்கு மட்டும் வயரைப் பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுப்போம். ஒன்று தள்ளும்போது இன்னொன்று இழுக்கும். சத்தத்தைச் சத்தமே தின்றுவிடும். மேலே கம்பளியைப் போட்டு மூடிவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

அதைத்தான் செய்தோம்.

வலது ஸ்பீக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து இடதின் முகத்தோடு ஒட்டினோம். இளஞ்செழியன் வயரை மாற்றினான்.

"செல்வா... செல்வா... செல்வா..."

கம்பளி போட்டேன். இன்னொரு கம்பளி. ஹேமலதாவின் குளிர்காலப் போர்வை.

"செல்..."

இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன்.

4.12.

நின்றது.

காது வைத்துக் கேட்டோம். ஒன்றுமே இல்லை. சுத்தம்.

இளஞ்செழியன் கை தட்டினான். நானும் தட்டினேன். மெயினைப் போட்டேன், ஃபேன் சுற்றியது. டீ போட்டுக் குடித்தோம். 4.40க்குப் பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

4.45.

பின் அறைக்குப் போனேன்.

அப்பா முழுக்க வழுக்கி இறங்கியிருந்தார். கழுத்து மடங்கியிருந்தது. உதடு நீலம். வாயோரம் கஞ்சி. அசைகிற ஒரே கை, இடது கை, கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது. மேலே ஏறப் பார்த்திருக்கிறார். விரல்களை ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க முடிந்தது.

தெருமுனை டாக்டர் 5.30க்கு வந்தார். தொட்டுப் பார்த்தார். "ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. நாலு, நாலேகால் இருக்கும்" என்றார்.

6.10க்கு ஹேமலதா வந்தாள். கையில் வளைகாப்பு வளையல். அழவில்லை. முதலில் ஒன்று கேட்டாள்.

"எத்தினி வாட்டி திருப்பிப் படுக்க வெச்சீங்க?"

"மூணு வாட்டி."

அப்பாவின் முதுகுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தாள். விரிப்பு மத்தியானத்திலிருந்து நனைந்து கிடந்தது. கையை வெளியே எடுத்தாள். என்னைப் பார்த்தாள். அதற்கப்புறம் இன்றுவரை அவள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அவள் இரண்டு அடி அடித்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு இளஞ்செழியன் மட்டும் போகாமல் நின்றான். முகம் வெளுத்திருந்தது. புது ஸ்பீக்கர் பாடினால் அதை போனில் ரெக்கார்டு பண்ணி குரூப்பில் போடுவது வழக்கம். அன்றைக்கும் சோபாவில் போனை வைத்திருக்கிறான். நடந்த களேபரத்தில் அணைக்க மறந்துவிட்டான். மத்தியானம் முழுக்க ஓடியிருக்கிறது.

"நீ ஒரு வாட்டி கேளு. என்னால இத வெச்சிக்க முடியலடா" என்றான்.

கேட்டேன். நாதஸ்வரம். கர்ர் கர்ர். அப்புறம் அப்பா குரல். நாங்கள் கேட்டதைவிடத் தெளிவாக.

"தூக்குடா செல்வா..."

நாலு நொடி இடைவெளி. அப்புறம் அதே இடது ஸ்பீக்கரிலிருந்து இன்னொரு குரல்.

"இதோ வந்துட்டேம்பா. கொஞ்சம் பொறுத்துக்கப்பா."

என் குரல்.

நான் அன்றைக்கு அப்பாவிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இளஞ்செழியன் சாட்சி. அவ்வளவு பிரியமாக நான் அவரிடம் மூன்று வருஷமாகவே பேசியதில்லை.

அவர் ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் அது பதில் சொல்கிறது. "வந்துட்டேம்பா." "இதோ வந்துட்டேன்." அறுபத்தோரு தடவை. எண்ணினோம். ஒவ்வொரு தடவையும் அவர் கொஞ்ச நேரம் அமைதியாகக் காத்திருக்கிறார்.

கம்பளி போடுகிற சத்தம் கேட்கிறது. அப்பா என் பெயரைச் சொல்கிறார். "வந்துட்டேம்பா" என்கிறது என் குரல்.

கடைசியாக அப்பா பேசுகிறார். கம்பளிக்கு அடியிலிருந்துதான் வருகிறது. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் அதன்மேல் காதை வைத்திருந்தோம். எங்களுக்குக் கேட்கவில்லை.

"சரிடா கண்ணு. மெதுவா வா."

அப்புறம் கர்ர் சத்தம் இல்லை. சுத்தம்.

அதற்கு அடுத்து, நாங்கள் கை தட்டுவது கேட்கிறது.