சுன்னாகம் கடவையைத் தாண்டிய கேக்

சுன்னாகம் சந்தைக்குப் பின்னால், பெயர்ப்பலகை இல்லாத ஒரு தகரக் கொட்டகைக்குள் உதயகலா பதினொரு வருடமாக ஒரே வேலையைத்தான் செய்துவந்தாள்: மோட்டார் சைக்கிள்களின் முன் சக்கரத்தைத் தாங்கும் முன்கால்களைக் கழற்றி, எண்ணெயைத் தடுக்கும் ஒயில் சீல் என்ற தேய்ந்த றப்பர் வளையத்தை மாற்றி, திரும்பப் பூட்டுவது. அவள் கை பட்ட முன்கால் மூன்று வருடத்துக்கு ஒழுகாது என்று புத்தூர் வரைக்கும் பேர். ஆனால் கார்? அந்தப் பேச்சே இல்லை. ஆறு வருடத்துக்கு முன் கார் ஓட்டும் லைசன்ஸும் எடுத்துவிட்டாள். முதல் தடவையிலேயே பாஸ். என்ன பயன்? ஒரு பெண்ணின் கையில் கார்ச் சாவியைக் கொடுக்க ஊரில் ஒரு மகராசனும் பிறக்கவில்லை. கைப்பைக்குள் கிடந்து லைசன்ஸின் ஓரம் தேய்ந்ததுதான் மிச்சம்.

அப்படி இருக்கையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை உடுவில் தேவராஜா தன் சிவப்பு டட்சனோடு வாசலில் வந்து நின்றால் அவளுக்கு எப்படி இருக்கும்! எழுபத்துமூன்றாம் ஆண்டுக் கார். இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு, பந்தயத்துக்கென்றே பிறந்த உடம்பு. வங்கி முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்ற மனிதர் அதைக் குளிப்பாட்டித் துடைக்கும் அழகைப் பார்க்கவே ஒழுங்கையில் ஆட்கள் நிற்பார்கள். அவருடைய ஸ்கூட்டரின் முன்காலை அவள் திருத்திக் கொடுத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. இன்னும் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"பிள்ளை, முன்பக்கம் டங்கு டங்கெண்டு அடிக்குது. எல்லாக் கராஜிலையும் கேட்டிட்டன். புதுசு வாங்கித் தந்தால் பூட்டித் தாறமாம். இந்தக் காருக்குப் புதுசுக்கு எங்கை போறது? உம்மாலை ஏலுமோ?"

உதயகலா உடனே காருக்குக் கீழே படுத்துவிட்டாள். முன் சில்லு ஒவ்வொன்றுக்கும் மேலே கை மொத்தத்தில் ஒரு குழாய் நிமிர்ந்து நின்றது. அதைச் சுற்றிச் சுருள்வில். குழாய்க்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் ஏறி இறங்கும் உருக்குத் தண்டு. சில்லு குழியில் விழும்போது வில் துள்ளும். அந்தத் துள்ளலை எண்ணெய் பிடித்து அடக்க வேண்டும். இங்கே எண்ணெய் முழுவதும் வெளியே வழிந்து, புழுதியோடு களியாகிக் கிடந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. பதினொரு வருடமாகப் பிரித்துப் பூட்டிய அதே சாமான்! கொஞ்சம் கொழுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

"ஏலும் ஐயா," என்றாள் கீழே இருந்தபடியே.

ஆனால் விஷயம் அவ்வளவு லேசாக இல்லை. கொழும்பில் ஒருவர் காரை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். தேவராஜாவின் மனைவி ஐரிஸ் அன்ரி கொடுத்துவிடச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றார். போன வருடம் அச்சுவேலித் தேவாலயத்தில், விளைச்சலையும் பலகாரத்தையும் ஏலம்விட்டுக் காணிக்கை சேர்க்கும் அறுப்பின் பண்டிகைக்கு அவர் மூன்று நாள் மினக்கெட்டு ஒரு ஐசிங் கேக் செய்திருந்தார். ஏலத்தில் போகவேண்டிய கேக், சுன்னாகம் றெயில் கடவையில் கார் குதித்த குதியில் அன்ரியின் மடியிலேயே அறுவடையாகிவிட்டது. அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

"இந்த ஞாயிறு திரும்பப் பண்டிகை," என்றார் தேவராஜா. "கேக் முழுசாய்ப் போய்ச் சேர்ந்தால் கார் எங்களோடை. உடைஞ்சால் திங்கள் கொழும்புக்கு. நானும் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

நாட்கள் ஐந்து. வாழ்க்கையில் கிடைத்த முதல் கார். இது போனால் இரண்டாவது வரப்போவதில்லை என்று உதயகலாவுக்குத் திட்டமாகத் தெரியும்.

கழற்றிய தண்டுகள் துருப்பிடித்து அம்மைத் தழும்பாகக் கிடந்தன. அச்சுவேலியில் ஒரு லேத்காரர், மண் அள்ளும் பெக்கோ இயந்திரத்திலிருந்து கழித்துப்போட்ட குரோம் தண்டில் அதே பருமனைத் தேடிப்பிடித்து, வெட்டிப் புரி போட்டுக் கொடுத்தார். சீல்? தன் தகரப் பெட்டியைக் கொட்டி நூற்றுக்கு மேல் அளந்தாள். ஒரு பெரிய மோட்டார் சைக்கிளின் சீல் தண்டைக் கச்சிதமாகக் கவ்வியது. வெளிப்பக்கம் மட்டும் அரை மில்லிமீற்றர் போதவில்லை. அதற்கும் லேத்தில் ஒரு மெல்லிய வளையம். வளையத்துக்குள் சீல் 'டக்' என்று போய் உட்கார்ந்தபோது அவள் கொட்டகைக்குள் தனியே நின்று கைதட்டினாள். பைத்தியம் என்று யாரும் நினைத்தால் நினைக்கட்டும்.

சனிக்கிழமை காலை எண்ணெய் விடும் வேலை. இரண்டு கையாலும் குழாயையும் தண்டையும் நேராகப் பிடிக்க வேண்டும். ஊற்றுவதற்கு ஒரு ஆள் தேவை. கணவன் மயூரதனைக் கூப்பிட்டாள். சந்தையில் வெங்காயம் விற்கிற மனிதன், பொறுமைசாலி. கோப்பையில் கோடு போட்டுக் கொடுத்து, "இந்தக் கோடு மட்டும் ஒண்டுக்கு, பிறகு மற்றதுக்கும் அவ்வளவு," என்றாள். அவன் ஊற்றினான். அவள் கண் தண்டைவிட்டு விலகவில்லை. மூடியை இறுக்கி, வில்லை நெரித்துப் பூட்டி, சில்லுப் போட்டு, காரை இறக்கினாள்.

மத்தியானம் தேவராஜா வந்து காரை எடுத்தார். அவள் பக்கத்து இருக்கையில். றெயில் கடவையில் ஏறியதும் 'டமார்' என்று ஒரு அடி! பல்லோடு பல் மோதியது. முந்தி டங்கு என்றது இப்போது கருங்கல்லில் இடித்தது மாதிரி. தேவராஜா கடவையைத் தாண்டியதுமே காரைத் திருப்பினார். அதுதான் கூடுதலாகச் சுட்டது.

கொட்டகைக்குத் திரும்பி அவள் காரின் முன்பக்கத்தை அமத்திப் பார்த்தாள். இரண்டு அங்குலம் இறங்கிற்று. பிறகு மலைபோல நின்றது. தண்டு பிழையா? சீல் பிழையா? 'கார் வேலை பொம்பிளையளுக்குச் சரிவராது' என்று நாளைக்கு ஊர் சொல்லப்போவது இன்றைக்கே காதில் கேட்டது.

"எண்ணெய் காணாதோ?" என்று கேட்டார் தேவராஜா மெதுவாக.

"சே, எண்ணெய் குறைய வாய்ப்பில்லை ஐயா," என்றான் மயூரதன், பெரிய ஆறுதல் சொல்லும் குரலில். "கோட்டுக்கு விட்டிட்டு, ஒவ்வொண்டுக்கும் மேலாலை இன்னும் கொஞ்சம் தாராளமாய் விட்டனான்."

உதயகலா திரும்பிப் பார்த்தாள். "என்ன விட்டனீங்கள்?"

"அளந்ததோடை நிப்பாட்டினால் நல்லாயிருக்குமோ? தராசு நிமிர்ந்த பிறகு ஒரு பிடி அள்ளிப் போடாமல் நான் ஆருக்குக் குடுத்திருக்கிறன்? அதோடை இது உன்ரை முதல் கார்..."

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டும் வந்தது. "ஐயோ என்ரை வெங்காயக் கடையே! தண்டு கீழை இறங்க உள்ளுக்கை கொஞ்சம் வெறும் இடம் வேணுமப்பா! இடமில்லாட்டி எண்ணெய் நெரிபடாமல் கல்லாய் நிக்கும்!"

மயூரதன் வாயைப் பொத்திக்கொண்டான். தேவராஜா காரின் மூக்கில் சாய்ந்து நின்று கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

வேலை பிழையில்லை! அந்த ஒரு நினைப்பிலேயே அவளுக்கு நான்கு கை முளைத்தது போலிருந்தது. திரும்பக் கழற்றினாள். எண்ணெய் முழுவதையும் வடித்து, இம்முறை குழாயைப் பிடிக்கும் வேலையைக் கணவனிடம் கொடுத்து, தானே கோட்டுக்கு அளந்து ஊற்றினாள். தண்டை மேலும் கீழும் இழுத்து, குமிழி நிற்கும்வரை காற்றை எடுத்தாள். மாலை ஐந்தரைக்குக் கார் தரையில் நின்றது. முன்பக்கத்தை அமத்தினாள், வழுவழுவென்று இறங்கி, அவசரமில்லாமல் எழுந்து, அசையாமல் நின்றது.

ஞாயிறு காலை ஐரிஸ் அன்ரி இரண்டு தட்டுக் கேக்கோடு காரில் ஏறினார். மேலே சீனியில் செய்த ஏழு ரோசாப்பூ. முகத்தில் சிரிப்பென்ற பேச்சுக்கே இடமில்லை. உதயகலா தன் மோட்டார் சைக்கிளில் பின்னால் விரட்டினாள். பின் இருக்கையில் மயூரதன், ஏலத்துக்கென்று கட்டிய ஒரு பெரிய வெங்காயப் பிடியை மடியில் வைத்துக்கொண்டு. கடவை நெருங்கியது. அவள் மூச்சைப் பிடித்தாள். சிவப்பு மூக்கு ஏறியது, தாழ்ந்தது, நிமிர்ந்தது. குதிக்கவே இல்லை!

"தாண்டிப் போட்டுது! தாண்டிப் போட்டுது!" என்று மயூரதன் கத்திய கத்தலில் கடவைக் காவல்காரர் வெளியே வந்து பார்த்தார்.

அச்சுவேலித் தேவாலய வளவில் அன்ரி கேக் பெட்டியின் மூடியைத் திறந்தார். ரோசாப்பூக்களை ஒவ்வொன்றாக எண்ணினார். ஏழு. மறுபடி எண்ணினார். ஏழேதான். கேக்கை நேரே ஏல மேசைக்குக் கொண்டுபோய்விட்டார். தேவராஜா கண்ணைமூடிக் கொஞ்ச நேரம் நின்றார். அவர் செபித்தது கேக்குக்கா காருக்கா என்று கேட்காமல் விடுவதே மரியாதை.

ஏலம் முடிந்து புறப்படும் நேரம் அன்ரி கணவரின் கையிலிருந்து சாவியை வாங்கி, நேரே உதயகலாவிடம் நீட்டினார்.

"பிள்ளை, திரும்பக் காரை நீர் ஓடும்."

"நானோ?"

"லைசன்ஸ் இருக்கெண்டு உம்மடை மனுசன் வெங்காயம் குடுத்த நேரம் சொன்னவர். ஆறு வருசமாம். இவருக்குக் காரிலைதான் கண், என்ரை இடுப்பு நோவிலை இல்லை. செய்த ஆளே ஓடட்டும்."

"அப்ப நான்?" என்றார் தேவராஜா.

"நீங்கள் அவவின்ரை மோட்டச்சைக்கிளிலை வாங்கோ."

உதயகலா சாவியை வாங்கினாள். கைப்பையைத் திறந்து, ஓரம் தேய்ந்த லைசன்ஸை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு ஏறினாள். புத்தூர் தாண்டும்வரை இரண்டு கையும் ஸ்ரியறிங்கோடு ஒட்டிக்கிடந்தன. பிறகு மெல்ல மெல்லத் தோள் இறங்கியது. சந்தோசம் தாங்க முடியாமல் வாய்விட்டுச் சிரித்தாள். அன்ரி கேட்டும் கேளாதவர்போல வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

சுன்னாகம் கடவை வந்தது. அவள் பிறேக்கைத் தொடவில்லை. கார் தண்டவாளத்தில் ஏறி, தண்ணீரில் போவதுபோல அந்தப் பக்கம் இறங்கியது. கண்ணாடியில் பார்த்தாள்: பின்னால் தேவராஜா மோட்டார் சைக்கிளை ஓட்ட, மயூரதன் இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டு வந்தான்.

ஐரிஸ் அன்ரி தன் மடியைப் பார்த்தார். வெறும் மடி. கடவையைத் திரும்பிப் பார்த்தார்.

"பிள்ளை, காரைத் திருப்பும்," என்றார். "இன்னொருக்கா ஏறிப் பாப்பம்."