நாற்பதாம் நாளுக்கு ஒரு தேதி

அஸ்மராவில் எங்கள் பக்கத்து வீட்டு லெத்தெபிர்ஹானைப் பற்றிக் கேட்டால், தெருவே குரலைத் தாழ்த்திக்கொள்ளும். அவள் ஒரு தப்பும் செய்ததில்லை. சட்டைத் தொழிற்சாலையில் காஜா எடுக்கிறவள். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அவள் கணவர் தெக்கெஸ்தெ, தேர்தல் எப்போது என்று கேட்டு நாலு பேர் அரசாங்கத்துக்கு எழுதிய கடிதத்தை டைப் அடித்துக் கொடுத்தார். எழுதியவர்கள் எல்லை தாண்டிவிட்டார்கள். டைப் அடித்தவர் அகப்பட்டுக்கொண்டார்.

"எழுத்துப் பிழையை எல்லாம் திருத்திக் குடுத்தாருக்கா. அதுக்குத்தான் தண்டனை ஜாஸ்தி" என்பாள் என்னிடம்.

விசாரணை கிடையாது, தீர்ப்பு கிடையாது. புதன்கிழமைதோறும் சிறை வாசலில் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்கலாம். விரத நாள் என்பதால் கடலைமாவுக் குழம்பும் புளித்த ரொட்டியும். போன வாரத்துத் தூக்கு காலியாகத் திரும்பி வரும். அதைப் பார்த்து, "நல்லா சாப்பிட்டிருக்காரு" என்று அவள் சந்தோஷப்படுவாள். ஏழு வருடத்தில் ஒரு முறைகூட அவர் முகத்தைக் காட்டவில்லை, பாவிகள்.

போன மாதம் காவலாள் தூக்கை வாங்கவில்லை.

"இனிமே கொண்டு வராதீங்கம்மா."

எங்கள் ஊரில் சாவுச் செய்தி இப்படித்தான் வரும். அவள் அழவில்லை. "என்னைக்கு?" என்று மட்டும் கேட்டாள். அவன் தெரியாது என்று கையை விரித்துவிட்டான்.

அவளுக்கு அந்தத் தேதி வேண்டும். செத்தவருக்கு நாற்பதாம் நாள் கோயிலில் ஜெபம் செய்து, ஏழைகளுக்குச் சோறு போட்டால்தான் ஆன்மா கரையேறும் என்பது எங்கள் நம்பிக்கை. எந்த நாளிலிருந்து நாற்பதை எண்ணுவது? அவளைக் கூட்டிக்கொண்டு சிறை அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரிக்கு என் மகன் வயதுதான் இருக்கும்.

"யாரும் சாகலையேம்மா. எங்க பட்டியல்ல அப்படி ஒண்ணும் இல்ல."

"அப்போ உயிரோட இருக்காரா? ஒரு தடவை காட்டுங்க தம்பி" என்றாள் அவள்.

"அப்படியும் நான் சொல்லலையே."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஆளும் இல்ல, சாவும் இல்ல. மனுஷனை என்னதான்யா பண்ணீங்க?" என்றேன்.

"சும்மா இருங்கக்கா" என்று லெத்தெபிர்ஹான் என் கையைக் கிள்ளி வெளியே இழுத்து வந்துவிட்டாள்.

அங்கிருந்து நேராகக் கோயில். குருவானவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நீயே ஒரு நாளைச் சொல்லும்மா. அதை வெச்சு எண்ணிக்கலாம்."

"அவரைப் பிடிச்சிட்டுப் போன நாள், சாமி."

"அது ஏழு வருஷம் ஆச்சே. அதுக்கப்புறமும் சாப்பாடு கொண்டுபோனியே?"

"கொண்டுபோனேன். யாரு சாப்பிட்டாங்கன்னு யாரு பாத்தா?"

"அப்படின்னா நாப்பது எப்பவோ தாண்டிப்போச்சேம்மா" என்றார் குருவானவர்.

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ ஏழு வருஷமா அவரைக் கரையேற விடாம வெச்சிருந்தது நான்தானா, சாமி?"