மூன்று கரண்டிக்குப் பத்தா?

போன வியாழக்கிழமை காலையில் என் மகள் சிரித்தாள். நாலு மாதக் குழந்தை சிரிப்பது ஒரு சேதியா என்று கேட்பீர்கள். அதற்கு முந்தின மூன்று நாளும் நான் பட்ட பாட்டைக் கேட்டால் அப்படிக் கேட்கமாட்டீர்கள்.

மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து நிறுக்கிற குமாஸ்தா நான். என் மனைவி மலேரியாவில் விழுந்து, மலைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் இருந்தாள். குழந்தை என் கையில். தாய்ப்பாலுக்குப் பதிலாக டின்னில் வரும் கெட்டிப் பால்.

எஸ்டேட் கம்பவுண்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். ஒரு கரண்டிப் பாலுக்கு எட்டுக் கரண்டி வெந்நீர். முதல் நாள் அப்படியே கலந்தேன். குழந்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னும் கேட்டு அழுதது. சரி, மூன்று கரண்டியாகக் கலப்போம் என்று நினைத்தேன். பால் இரண்டு கரண்டி ஏறினால் தண்ணீரும் இரண்டு கரண்டி ஏறவேண்டும்... எட்டும் இரண்டும் பத்து. நியாயம்தானே?

மெட்ரிகுலேஷன் தேறிய நியாயம்!

மறுநாளே வயிற்றுப்போக்கு. அதற்கு மறுநாள் குழந்தையின் உதடு காய்ந்துவிட்டது. அழுகைகூட மெலிந்து பூனைக்குட்டிச் சத்தம் போல வந்தது. கம்பவுண்டரோ வேறொரு எஸ்டேட்டுக்குப் போயிருந்தார். ஆள் அனுப்பிவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். மனைவிக்கு என்ன பதில் சொல்வது? அதை நினைக்கவே பயமாக இருந்தது.

தொழிற்சாலை ஆட்களுக்குச் சமைத்துப்போடும் ஞானப்பூ அந்த வழியாக வந்தவள் நின்றாள். குழந்தையை வாங்கி, வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். எத்தனை கரண்டிக்கு எவ்வளவு தண்ணீர் என்று விசாரித்தாள். சொன்னேன். கம்பவுண்டர் சொன்னது ஒன்றுக்கு எட்டு, நான் ஊற்றியது மூன்றுக்குப் பத்து.

"ஐயா, ஒரு படி அரிசிக்கு மூணு படி தண்ணி வைக்கேன். மூணு படி அரிசிக்கு அஞ்சு படி வச்சா வேகுமா? அடிதான் பிடிக்கும்."

நான் விரல் மடக்கி எண்ணத் தொடங்கினேன்.

"ஒவ்வொரு கரண்டிப் பாலுக்கும் எட்டுக் கரண்டி தண்ணி தொணைக்கு வரணும்யா. மூணுக்கு மூவெட்டு இருவத்திநாலு. நீங்க பத்து ஊத்தியிருக்கீக."

இருபத்துநான்கு எங்கே, பத்து எங்கே? பச்சைக் குழந்தைக்குப் பால் என்று நான் பாகு கொடுத்திருக்கிறேன்.

கம்பவுண்டர் மத்தியானம் வந்து சேர்ந்தார். அவரும் அதையேதான் சொன்னார் - ஞானப்பூவைவிடக் கொஞ்சம் கடுமையாக. பாலை நிறுத்தி, கொதித்து ஆறிய நீரைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டச் சொன்னார். பிறகு ஒன்றுக்கு எட்டு. இரண்டு நாளில் வயிறு கட்டியது. வியாழக்கிழமை அந்தச் சிரிப்பு. அதைப் பார்த்து நான்தான் அழுதேன்.

அன்றைக்கே ஒரு காகிதத்தில் இரண்டு பத்தியாகக் கோடு கிழித்து, இடப்பக்கம் பால், வலப்பக்கம் தண்ணீர் என்று எழுதினேன். ஒன்று - எட்டு. இரண்டு - பதினாறு. மூன்று - இருபத்துநான்கு. அரைக் கரண்டிக்கு நான்கு. எந்த வரியைப் பார்த்தாலும் தண்ணீர் எட்டு மடங்கு. ஒரு பக்கம் மும்மடங்கானால் மறுபக்கமும் மும்மடங்கு. இதற்குப் பெயர்தான் விகிதம். பள்ளிக்கூடத்தில் இதை நான் மனப்பாடம் செய்தேன், புரிந்துகொள்ளவில்லை.

இதில் வெட்கம் என்னவென்றால், நாலு ராத்தல் பச்சைக் கொழுந்து வாடி வறண்டு ஒரு ராத்தல் தேயிலை ஆகும் என்று தினமும் நான் எழுதுகிறேன். எட்டு ராத்தலுக்கு இரண்டு ராத்தல் என்று கை தானாகவே எழுதும். அந்தக் கணக்கு ஏன் அடுப்படி வரைக்கும் வரவில்லை?

சனிக்கிழமை மனைவி வீடு திரும்பினாள். எதையும் மறைக்காமல் சொன்னேன். குழந்தையை மடியில் போட்டு, தலை முதல் கால் வரை தடவினாள். சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தை வெகுநேரம் பார்த்தாள். பென்சிலைக் கேட்டு வாங்கி, கடைசி வரிக்குக் கீழே எழுதினாள்: நான்கு - முப்பத்திரண்டு.

"இவ இன்னும் வளருவால்ல" என்றாள்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் - கூட்டத் தெரிந்தவனெல்லாம் பால் கலக்கத் தெரிந்தவன் அல்ல.