வாசற்பலகையும் எனது ஆசிரியர் பதவியும்

முதலில் என் மடைத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் இன்னும் வெட்கம். ஒரு பலகையில் எழுத வேண்டிய இரண்டு வரிக்கு, பெரிய பத்திரிகைக் காரியாலயம் ஒன்றுக்குப் போதுமான மென்பொருளை நான் பூட்டிக் கொடுத்தேன். அதோடு நிற்கவில்லை. அந்தப் பத்திரிகைக்கு என்னையே ஆசிரியராகவும் நியமித்துக்கொண்டேன்.

திருகோணமலையில் உள்துறைமுகத்துக்குப் போகும் வீதியில் ஓர் அக்கா விடுதி நடத்தினார். சொந்த அக்கா இல்லை, ஊருக்கே அக்கா. வாசலில் ஒரு கரும்பலகை. முற்றம் கூட்டி முடித்த கையோடு சோக்கட்டியை எடுத்து, கொழும்புப் பக்கம் போகும் கண்டி வீதி திறந்திருக்கிறதா, மூதூருக்கு ஆள் ஏற்றும் லோஞ்ச் படகு ஓடுகிறதா, அறை இருக்கிறதா என்று எழுதிவிடுவார். போர்நிறுத்தம் கடதாசியில் மட்டும் இருந்த காலம் அது. காலையில் திறந்த பாதை மத்தியானம் மூடும். சந்தைக்குப் போகிறவர்கள்கூட சைக்கிளில் இருந்தபடி ஒரு காலை ஊன்றிப் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அக்கா வதந்தி எழுதமாட்டார். பஸ் சாரதியிடம் கேட்பார், இறங்குதுறையில் கேட்பார். இரண்டு பேரும் ஒரே கதை சொன்னால்தான் சோக்கட்டி பலகையில் படும்.

கொழும்பிலிருந்து கண் டொக்டர் ஒருவர் மாதாமாதம் தன் ஆட்களோடு வந்து அந்த விடுதியில் தங்கி, சனங்களுக்குக் கண் பார்ப்பார். அவர்தான் ஒருநாள் அக்காவிடம் சொன்னார்: "உங்கட பலகையைக் கொழும்பில இருந்து பாக்க ஏலுமெண்டால் எவ்வளவு நல்லம்."

அன்புவழிபுரத்தில் கணினி படித்தவன் என்று பெயர் எடுத்திருந்த என்னை அக்கா கூப்பிட்டார். இணையத்தளம் கட்டுவது பெரிய காரியமில்லை. நாளாந்தம் அக்காவே அதில் எழுத எந்த மென்பொருளைப் போடுவது என்பதுதான் கேள்வி. அதைச் சி.எம்.எஸ். என்போம். எழுதிப் பொத்தானை அமத்தினால் தளத்தில் தெரிய வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. சின்னதாக ஒன்று போதும். ஆனால் சின்னதைப் போட்டால் நான் படித்தது யாருக்குத் தெரியும்? இருப்பதற்குள் பெரியதைப் போட்டேன். அதில் கருத்துக்கணிப்பு இருந்தது, அரட்டை மன்றம் இருந்தது, எழுதுபவர், வெளியிடுபவர் என்று பதவிகளும் இருந்தன.

"நான் வள்ளம் கேட்டனான் தம்பி. நீர் கப்பலைக் கொண்டந்து கட்டுறீர்" என்றார் அக்கா.

"இருக்கட்டும் அக்கா, பிறகு உதவும்."

அக்கா எழுதுபவர், நான் வெளியிடுபவர். அவர் எழுதியதை நான் பார்த்துச் சம்மதம் கொடுத்தால்தான் தளத்தில் ஏறும். தளத்தில் இங்கிலீஷில்தான் எழுதவேண்டியிருந்தது, அக்காவின் இங்கிலீஷில் பிழை வந்துவிடும் என்று எனக்குக் கவலை. இங்கிலீஷ் பாடத்தில் இரண்டு தரம் கோட்டைவிட்டவன் நான்! சந்திக்குச் சந்தி மறித்து அடையாள அட்டை கேட்ட காலத்தில், ஒரு பலகைக்குள்ளேயும் சோதனைச்சாவடி போட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மூன்று கிழமை ஒழுங்காக ஓடியது. பிறகு பள்ளிக்கூடக் கணினி ஒன்றைத் திருத்த மூதூர் போனேன். போன அன்றே லோஞ்ச் நின்றது, மூதூர்ப் பக்கம் தொலைபேசியும் செத்தது. சிநேகிதன் வீட்டில் நண்டுக்கறி. நான் பெரிதாகக் கவலைப்படவில்லை.

அடுத்த நாள் காலை கண்டி வீதி மூடப்பட்டது. 'பாதை பூட்டு, வரவேண்டாம்' என்று அக்கா எழுதினார். அது சம்மதத்துக்காகக் காத்திருந்தது. சம்மதம் கொடுக்க வேண்டியவன் நண்டின் காலை உடைத்துக்கொண்டிருந்தான். தளத்தில் முதல்நாள் வரிதான் நின்றது: 'பாதை திறந்திருக்கு, வாங்கோ.' அதை நம்பி டொக்டர் புறப்பட்டுவிட்டார். கந்தளாய்ச் சோதனைச்சாவடியில் மறித்து, வெயிலில் நாலு மணித்தியாலம் வைத்திருந்து, வந்த வழியே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

லோஞ்ச் மறுபடி ஓட, இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தேன். அக்கா ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"டொக்டர் கோல் எடுத்தவர். இனிப் பலகையை நம்பலாமோ எண்டு கேட்டவர்" என்றார். பெயர் பதிந்த கொப்பியை எடுத்து வைத்து, "அவர் இனி வராட்டி, கண்ணுக்குப் பதிஞ்ச சனத்துக்கு நான் என்ன தம்பி சொல்லுறது?"

கப்பலைக் கழற்றினேன். சின்னதாக மூன்றைக் கொண்டுவந்து அக்காவின் முன்னால் வைத்தேன். தேர்வு அவருடையது.

"கரண்ட் போறதுக்கு முதல் எழுதி முடிக்கோணும். அதுதான் சோதினை" என்றார்.

முதலாவது நல்ல வடிவு. ஆனால் எங்கள் தொலைபேசி இணைப்பில் அது திறப்பதற்குள் அக்கா குசினிக்குப் போய்ப் பாதித் தேங்காய் திருவிவிட்டு வந்தார். இரண்டாவது, தலைப்பு கேட்டது, பிறகு வகை கேட்டது.

"வகை எண்டால்?"

"என்ன வகைச் செய்தி எண்டு, அக்கா."

"பாதை பூட்டினால் பூட்டினதுதான். அதில என்ன வகை?"

மூன்றாவதில் ஒரு பெட்டி, ஒரு பொத்தான். அக்கா இரண்டு விரலால் தட்டினார், அமத்தினார். தளத்தில் ஏறிவிட்டது.

"இது."

"வடிவில்லையே அக்கா."

"வாசல்ல கிடக்கிற பலகை வடிவோ?"

அடுத்த மாதம் டொக்டர் புறப்படுமுன் தொலைபேசி எடுத்தார். இந்த முனையில் அக்கா சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது: "ஓம், நான்தான் எழுதினனான். போட்டதும் நான்தான். ஒருத்தரையும் கேக்கேல்ல."

பின்னேரம் புழுதியோடு அவருடைய வான் வந்து நின்றது. பெட்டிகளை நான்தான் இறக்கினேன். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, நானாக எடுத்துக்கொண்டது. விடிந்தபோது கண் காட்ட வந்த சனம் வாசல் தாண்டி வீதி வரைக்கும் நின்றது. அக்காவின் முகத்தில் ஒரு வெளிச்சம். கேட்க இதுதான் நல்ல நேரம் என்று நினைத்தேன்.

"அக்கா, அந்தத் தளத்தில எனக்கும் ஒரு சின்னப் பதவி வைப்பமோ? எழுத்துப்பிழை பாக்க மட்டும்."

அக்கா மடித்துக்கொண்டிருந்த படுக்கை விரிப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"நீர் வாசியும், அதே காணும்."