வைசன் இறங்கிய இடம்

வைசன் கச்சாலேயின் சைக்கிளில் ஏறுவதென்றால் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஏறு என்பார்கள் எங்கள் ஊரான சலிமாவின் சந்தையில். அவ்வளவு மெதுவாக ஓட்டுவான். கேரியரில் சிவப்பு மெத்தை, ஹேண்டில்பாரில் இரண்டு பெல். மற்ற சைக்கிள் டாக்சிக்காரர்கள் எட்டு சவாரி அடிக்கும் நேரத்தில் இவன் மூன்று அடிப்பான். ஆனால் வலி எடுத்த பெண்கள் இவனைத்தான் கூப்பிடுவார்கள். என் மகன் லிம்பானி பிறந்த அன்று என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் இவன்தான். வலி தாங்காமல் அவன் முதுகைக் கடித்துவிட்டேன். "முன்னாடி ஒரு குழி இருக்கு டீச்சர், அதத் தாண்டினதும் கடிங்க" என்றான்.

எங்கள் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் சேர்ந்து, குடும்பம் குடும்பமாக ஏரிக்கரைக்குச் சைக்கிளில் போவதென்று முடிவானபோது, ஏற்பாடெல்லாம் என் தலையில் விழுந்தது. தொண்ணூறு குடும்பங்கள் பெயர் கொடுத்தன. பாதை பார்க்க வைசனைவிட்டால் ஆளில்லை. குழந்தையின் பின்புறம் எவ்வளவு தூரம் தாங்கும் என்று தெரிய வேண்டுமே என்று, ஏழு வயது மகள் ததாலாவைக் கேரியரில் வைத்துக்கொண்டு போவான். அவள் முனக ஆரம்பிக்கும் இடத்தில் நிழல் தேடி, இங்கே தண்ணீர்ப் பானை என்று குறித்துக்கொண்டு வருவான். எல்லாருக்கும் பனியன் தைக்க அளவெடுத்தபோது ததாலாவும் லிம்பானியும் ஒரே உயரம். வகுப்புச் சுவரில் இருவருக்கும் சேர்த்து ஒரே கோடு போட்டேன்.

எனக்கு எதிலும் நேரம் சுத்தமாக இருக்க வேண்டும். ஒருநாள் என் கைக்கடிகாரத்தை வைசனின் மணிக்கட்டில் கட்டி, வழியில் எதற்காகவும் கால் ஊன்றக் கூடாது, ஊன்றினால் கணக்குத் தப்பிவிடும் என்று சொல்லி அனுப்பினேன். அவன் அவசரமாக ஓட்டியது வாழ்நாளில் அந்த ஒரு நாள்தான். அவசரப்படுத்தியது நான்.

திரும்பி வந்தவன் முகம் சரியில்லை. பஞ்சாலையைத் தாண்டிச் சின்னப் பாலத்துக்கு முன்னால் இடுகாட்டுத் தோப்பு இருக்கிறது. அங்கே எதிரே ஒரு சவ ஊர்வலம் வந்திருக்கிறது. சவம் எதிர்ப்பட்டால் எங்கள் ஊரில் யாரும் சைக்கிளில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். இறங்கி, தொப்பியைக் கழற்றி, ஓரமாக நிற்க வேண்டும். யார் சாவு என்று கேட்கக்கூட வேண்டாம். குடிகாரன்கூட இறங்குவான். வைசன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தலையைக் குனிந்து கடந்து வந்துவிட்டான்.

"பாட்டுச் சத்தமே இல்ல டீச்சர். பாட்டு இல்லாத சாவு எங்கயாவது பாத்திருக்கீங்களா?" என்றான்.

பின்னால் உட்கார்ந்திருந்த ததாலா யாரையும் பார்க்கவில்லையாம். குழி வெட்டும் ஆட்களைக் கேட்டால், அந்த மாதம் அங்கே மண்வெட்டியே போடவில்லை என்றார்கள். வெயில் தலைக்கு ஏறியிருக்கும் என்று நான் சிரித்தேன். அவன் மறுபடியும் போனான், இரண்டு முறை. அதே இடம், அதே காலை எட்டு மணி. இரண்டு முறையும் இறங்கித் தொப்பியைக் கழற்றியிருக்கிறான்.

"நான் நின்னா அவங்களும் நிக்கிறாங்க. பெட்டி தெறந்திருக்கு. உள்ள யாருமில்ல. நீளம்..." என்றவன் மேலே சொல்லாமல், சுவரில் நான் போட்ட கோட்டின்மேல் உள்ளங்கையை வைத்தான்.

நான் அந்தக் கோட்டைப் பார்க்காமலே பேசினேன். அப்படியானால் பயணத்தன்று மகளை வீட்டில் விட்டுவிட்டு வா என்றேன்.

"அவங்களுக்கு வீடு தெரியாதா டீச்சர்?"

தான் ஒருவன் இறங்காமல் செய்த அவமரியாதைக்குத் தான் ஒருவன் இறங்குவது போதவில்லை, எல்லாரும் இறங்கி நின்றால் மனம் ஆறிப் போவார்கள் என்பது அவன் நினைப்பு. பயணத் திட்டத்தில், 'பாலத்துக்கு முன் எல்லாரும் இறங்கி நிற்கவும்' என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தான். உன் பிரமைக்காகத் தொண்ணூறு குடும்பம் நடுரோட்டில் நிற்குமா, கரையில் நம்மை வரவேற்க அதிகாரி காத்திருப்பாரே என்று சிவப்பு மையால் அந்த வரியை அடித்தேன். வேறு பாதையும் இல்லை. இருந்த ஒரு சுற்றுவழியும் முழுக்க மணல்.

பயணம் புறப்பட்ட சனிக்கிழமை ஊரே திருவிழாவாக இருந்தது. முதுகில் பிள்ளை, கேரியரில் பிள்ளை, ஹேண்டில்பாரில் சோளமாவுப் பை. முன்னால் ததாலாவோடு வைசன். பின்தங்குகிறவர்களை விரட்ட, கடைசியில் லிம்பானியோடு நான்.

தோப்பை நெருங்கும்போது பெல் சத்தம் முன்னாலிருந்து ஒவ்வொன்றாக நின்றது. வைசன் இறங்கிவிட்டான். அவன் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. முன்னால் ஒருவன் தொப்பியைக் கழற்றினால் பின்னால் இருப்பவனும் கழற்றுவான், அவ்வளவுதான். தொண்ணூறு குடும்பமும் ஓரமாக ஒதுங்கித் தலைகுனிந்து நின்றது. கைக்குழந்தைகள்கூட அழவில்லை. ரோடு காலியாகக் கிடந்தது.

சவம் எதுவும் வரவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. இறங்க மாட்டேன் என்று சீட்டிலேயே உட்கார்ந்து, ஒரு காலை மட்டும் ஊன்றிக்கொண்டு பெல்லை அடித்தேன். அத்தனை பேரில் இறங்காதவள் நான் ஒருத்திதான்.

கொஞ்ச நேரத்தில் முன்னால் இருந்தவர்கள் தொப்பியை மாட்டிக்கொண்டார்கள். வைசன் மட்டும் மாட்டவில்லை. வரிசையின் கடைசியை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான். வைசன் ஓடி நான் பார்த்ததே இல்லை.

எனக்குப் பின்னாலிருந்து லிம்பானி மெதுவாகக் கேட்டான்.

"அம்மா, இந்தப் பெட்டி யாருக்கு?"

திரும்பினேன். அவன் கேரியரில் இருந்தபடியே எப்போதோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். எங்கள் சக்கரத்துக்குப் பக்கத்தில் வெறும் மண்ணைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"இறங்குங்க டீச்சர்" என்றான் வைசன். கெஞ்சவில்லை, அதட்டவில்லை. குழி இருக்கிறது என்று பிரசவத்தன்று சொன்ன அதே குரல்.

இறங்கினேன். அவன்தான் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான். தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு, என் பிள்ளையை விட்டுவிடுங்கள் என்று மனசுக்குள் கதறினேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கடிகாரத்தை நான் பார்க்கவில்லை. லிம்பானியின் பார்வை மெல்ல நிமிர்ந்து, ரோட்டோடு நகர்ந்து, தோப்புக்குள் போனது.

"போயிட்டாங்களா?" என்று வைசன் அவனிடம் கேட்டான்.

"ம்."

"பெட்டி?"

"தூக்கிட்டுப் போயிட்டாங்க மாமா."

"உள்ள?"

லிம்பானி கொஞ்சம் யோசித்தான். "காலிதான்" என்றான்.

ஏரிக்கரை வரை நான் சைக்கிளில் ஏறவேயில்லை. லிம்பானியை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டே போனேன். வைசன் ததாலாவை ஏற்றிக்கொண்டு எங்கள் பக்கத்திலேயே வந்தான், அவனுடைய வழக்கமான வேகத்தில்.